உறுமி ஓடிய இடம்

கனகராஜுக்கு உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் கிடையாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடியே சாப்பிடுவான். கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே மோட்டார் சைக்கிள் சாவி கைக்கு வந்துவிடும். சினிமாவுக்குப் போனால் படம் முடிவதற்கு முன்பே எழுந்து வெளியே வந்துவிடுவான். கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொள்ளுமாம். கதை எப்படி முடிந்திருக்கும் என்பதை அவனும் மனைவி துளசியும் வழியெல்லாம் ஊகித்துக்கொண்டே வீடு வருவார்கள். கையுறைத் தொழிற்சாலை, லாரி, பாதுகாவலர் வேலை, பழக்கடை என்று எல்லாவற்றிலும் காலை நனைத்துவிட்டு, இப்போது ஈப்போவில் ஏர்கோன் என்கிற குளிர்சாதனப் பெட்டிகளைக் கழுவிப் பூட்டும் வேலையில் இருக்கிறான். அதிலும் எத்தனை நாள் இருப்பான் என்று அவன் முதலாளிக்கே தெரியாது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி என்பார்களே, இவன் காலில் பிறந்த அன்றே யாரோ ஒரு பானையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவன் ஒன்றில் மட்டும் வேர் பிடித்து நின்றான். அது உறுமி. தோளில் தொங்கும் இருமுக மேளம். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்க வேண்டும், மறு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க அது அடிவயிற்றிலிருந்து உறுமும். மீசை அரும்பாத காலத்தில் கூட்டாளி மகேந்திரனோடு சேர்ந்து குழு ஆரம்பித்தான். வேலைகள் மாறின, வீடு மாறியது, குழு மட்டும் மாறவில்லை. கோயில் திருவிழா என்றால் எந்த வேலையிலிருந்தாலும் லீவு போட்டுவிட்டு உறுமியோடு முன்வரிசையில் நிற்பான்.

இப்போது அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

குழுத் தலைவன் மகேந்திரன் ஷா ஆலாமுக்குக் குடிபோய் நாளாகிவிட்டது. குழுவில் ஒருவன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான், ஒருவன் ஜொகூரில். பால்குட ஊர்வலத்தைப் பற்றிப் புதிதாக ஒரு பாட்டு வெளியிடப் போகிறார்கள். எல்லாரும் ஒரே நாளில் ஸ்டூடியோவுக்கு வர முடியாது. ஆகவே அவரவர் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பினால் மகேந்திரன் சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கான குரல் செய்தி ஒரு மத்தியானம் வந்தது. கனகராஜ் ஏணி மேல் நின்றுகொண்டு கேட்டான்.

"மச்சான், பாட்டு அனுப்பிருக்கேன். கூடவே டிக் டிக்னு ஒன்னு ஓடும். ஹெட்போன மாட்டிக்கிட்டு அது கூடவே வாசி. மூனு பாகம். மொத பாகம் ஆத்தங்கர, ரெண்டாவது ரோட்டுல நடக்கறது, மூனாவது கோயில் வாசல். வாசல்ல சத்தம் ஏறலாம், வேகம் ஏறக்கூடாது. அடுத்த ஞாயித்துக்குள்ள வேணும். சரியா வரலன்னா சூசா படாத லா, கவலய விடு. ஒன் பழைய வாசிப்புல நல்ல எடமா கொஞ்சம் வெட்டி, அதயே திருப்பித் திருப்பி ஓட்டிக்கலாம்."

"உசுரோட இருக்கறவனுக்கு மால போட்ட படமா?" என்று ஏணியிலிருந்தே கத்தினான் கனகராஜ். கீழே நின்ற வீட்டுக்காரச் சீனப் பாட்டி பயந்துபோய் உள்ளே போய்விட்டாள்.

வேகம் ஏறக்கூடாது என்று மகேந்திரன் சொன்னதில்தான் முள் இருந்தது. அந்த முள் எங்கே தைத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கனகராஜ் குடியிருக்கும் தாமான் எனும் குடியிருப்பு, ரப்பர் பால்மரத் தோட்டத்தை அழித்துக் கட்டியது. தோட்டம் போனாலும் மாரியம்மன் கோயில் செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறது. திருவிழாவுக்கு ஈப்போ, தைப்பிங், கோலாலம்பூர் என்று சிதறிப்போன சனமெல்லாம் வந்து சேரும். முந்தைய ஆண்டுத் திருவிழாவில் துளசி பால்குடம் எடுத்தாள். மகள் சாந்தினிக்குக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டுதல். கவிச்சி தொடாமல், தரையில் படுத்து, வேறு வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து கிளம்பியது. அவளுக்கு முன்னால் கனகராஜின் உறுமி. எல்லாம் நன்றாகத்தான் போனது. கோயில் வாசல் வளைவில் திரும்பும்போது துளசியின் கால் பிசகியது. குடம் உருண்டது. பால் தார்ரோட்டில் ஓடிக் கால்வாயில் இறங்கியது.

மேளம் நின்ற அமைதியில் ஒரே ஒரு குரல்தான் கேட்டது. தைப்பிங்கிலிருந்து வந்திருந்த கனகராஜின் அக்கா குமுதாவின் குரல். "விரதம் சுத்தமா இருந்திருந்தா அம்மா ஏன் தள்ளி விடப் போறா?"

ஊருக்கு அது போதும். இனிப் பால்குடம் எடுப்பதில்லை என்று துளசி அன்றே முடிவு செய்துவிட்டாள். கேட்டால் கால் வலி என்பாள். சாந்தினிக்கு இடம் கிடைத்து அவள் விடுதிக்கும் போய்விட்டாள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை என்பது இதிலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கு அதெல்லாம் கணக்கில் வராது. அன்று மாலை மேளங்களை வண்டியில் ஏற்றும்போது மகேந்திரன் காதோடு சொன்னான்: "நீ ஓடிட்ட மச்சான். அந்த வளைவுல பிச்சிக்கிட்டு ஓடிட்ட. அவங்களால ஒன் வேகத்துக்கு நடக்க முடியல." கனகராஜ் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள்.

பிறகு இருவரும் சேர்ந்துகொண்டார்கள்தான். ஆனால் அந்தச் சொல் கனகராஜுக்குள் ஒரு நாளும் அடங்கவில்லை. அவன் ஓடவில்லை என்றால், துளசியின் கால் தானாகப் பிசகியது, விதி. ஓடியிருந்தான் என்றால், பாலைக் கொட்டியவன் அவன். பழியைச் சுமந்தவள் அவள். இதற்கு நடுவில் நிற்க இடமில்லை. அதனால்தான் மகேந்திரனின் டிக் டிக் அவனுக்கு வெறும் பாட்டு வேலையாகப் படவில்லை. யார் பக்கமும் பேசாத ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தான். சுத்தமாக வாசித்து அனுப்பி மகேந்திரன் வாயை அடைத்துவிட வேண்டும்.

பதிவுக்காக இணையத்தில் வாங்கியிருந்த சாமான் சனிக்கிழமை பொட்டலமாக வந்தது. கத்தரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல் பல்லால் கிழித்தான். உள்ளே உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பெட்டி, அதோடு ஒரு மைக், ஒரு ஹெட்போன், தடித்த ஒரு வயர். பெட்டியின் முகத்தில் மைக் சொருக ஓட்டை, திருகுகள், ஹெட்போன் ஓட்டை. முதுகில் கணினிக்குப் போகும் யூஎஸ்பி வயர். வேலை எளிதுதான். மைக் கேட்பதைப் பெட்டி வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். கணினியில் இருப்பதை ஹெட்போனுக்குக் கொடுக்கும். கூடவே ஒரு சிறு புத்தகமும் இருந்தது. அதை அவன் மேசைக்கால் ஆடாமல் இருக்க அடியில் செருகினான்.

சாந்தினி விட்டுப்போன பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் சொருகியாகிவிட்டது. பதிவு செய்யும் மென்பொருளும் இறக்கியாகிவிட்டது. மைக்கில் "ஹலோ" என்றான். சத்தமில்லை. ஊதினான். தட்டினான். "ஹலோ, ஹலோ" என்று கோயில் ஒலிபெருக்கியில் காணாமல்போன பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். மைக் மூச்சுவிடவில்லை.

"மட்டமான சாமான்! ஏமாத்திட்டானுங்க!"

துளசி பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்காக வண்ணத்தாளில் வாத்து வெட்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அந்தச் சின்னப் பொத்தான அமுக்குனீங்களா? நாப்பத்தெட்டுன்னு போட்டிருக்கே" என்றாள்.

அவன் அதை முதலிலேயே பார்த்துவிட்டான். நாற்பத்தெட்டு வோல்ட். ஏர்கோன்காரன் கை எதை வேண்டுமானாலும் தொடும், வோல்ட் என்று எழுதிய பொத்தானை மட்டும் சும்மா தொடாது. ஒருமுறை புந்தோங்கில் ஒரு மாடிவீட்டில் வாங்கிய மின்சார அடி இன்னும் முழங்கையில் இருக்கிறது. மைக்குக்குள் மின்சாரம் விடுவதா என்று மலைத்தான். துளசி எழுந்து வந்து, மேசைக்காலைத் தூக்கச் சொல்லி, புத்தகத்தை உருவிப் படித்தாள். இந்த வகை மைக்குக்கு அந்த மின்சாரம் இருந்தால்தான் உயிர் வரும் என்று போட்டிருந்தது. அவளே அமுக்கினாள். ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. மறுகணம் ஹெட்போனில் வெளியே பக்கத்து வீட்டுக் கோழி கொக்கரிப்பதுகூடக் கேட்டது.

அப்புறம் ஒலி அளவு. மெதுவாக ரெண்டு தட்டு தட்டிப் பார்த்து, பச்சை விளக்கு போதாது என்று திருகை ஏற்றினான். பிறகு வழக்கம்போல் வாசித்தான். விளக்கு ரத்தமாகச் சிவந்தது. போட்டுக் கேட்டால் உறுமி உறுமவில்லை, தகரத்தை இழுத்த மாதிரி கிழிந்தது. திருகை இறக்கினான். மைக்கை மேளத்தின் மேல் ஒட்டாத குறையாக வைத்திருந்ததை ஒரு முழம் தள்ளி வைத்தான். வாசிக்கிறபோது உட்கார மாட்டாமல் அங்குமிங்கும் நடந்தான். ஒலி போய்ப் போய் வந்தது. துளசி முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, "எறங்குனா ஒதைப்பேன்" என்றாள். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வாசல் தகரக் கூரையில் மழை விழுந்தால் ஈப்போவில் எவனும் எதையும் பதிவு செய்ய முடியாது. மழையோடு சண்டை போட முடியாமல் முக்காலியிலேயே ஆடிக்கொண்டிருந்தான்.

மழை விட்டதும் ஒரே மூச்சில் வாசித்தான். திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று துளசி சொன்னாள். கேட்கிற ஆளா? அனுப்பிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியைச் சொன்னவர் கனகராஜைப் பார்த்திருந்தால் சும்மா இருந்திருப்பார். சொல்லி என்ன பயன்?

பதில் வேலை நாளில் வந்தது.

"மச்சான், ஒலி ரொம்ப நல்லாருக்கு லா. ஆனா நீ ஓடுற. மொத அடிலேந்து கடசி வரைக்கும் டிக் டிக்குக்கு முன்னாலயே போற. கோவப்படாத. பழையத வெட்டி லூப் போட்டுக்கட்டுமா?"

அன்று அவன் கழுவிய ஏர்கோனில் மூடியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு வந்தான். மகேந்திரனைத் திட்டவும் முடியவில்லை. சொன்னது அவன் இல்லை, டிக் டிக். வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தான். மறுபடியும் முன்னால் போவதாகப் பதில். அடுத்த நாளும் அதே கதி. இது என்ன கை? முந்தைய வாசிப்புகளும் இப்படித்தானா? தூங்கும்போதுகூட விரல்கள் தலையணையில் தாளம் தட்டி, முந்தி, நின்று, மறுபடி தட்டின. தட்டேந்தி நடக்கும்போது துளசியின் காலையே பார்த்தான். அவள் இப்போதும் இடது காலை லேசாகத் தாங்கித்தான் வைக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தவன், மைக்கைத் தள்ளி வைப்பதா கிட்ட வைப்பதா என்று தெரியாமல் துளசியை ஹெட்போன் மாட்டிப் பேசச் சொன்னான்.

"என்னா பேச?"

"பாலர் பள்ளியில என்னா சொல்லிக் குடுப்பியோ அத."

"ஒன்று, இரண்டு..." துளசி நின்றாள். மறுபடி "ஒன்று" என்றாள். சிரித்தாள். "என்னங்க இது? நான் சொல்லி முடிச்சப்பறம் யாரோ பின்னாடியே திருப்பிச் சொல்றாங்க. எங்க கிளாஸ் பிள்ளைங்க மாதிரி."

கனகராஜ் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டினான். "ஹா" என்றான். வாயில் ஒரு "ஹா", காதில் ஒரு கணம் கழித்து இன்னொரு "ஹா". பேச்சில் அது தெரிந்தது. மேளத்தின் அதிர்வில் தெரியாமலே போயிருந்தது. அவன் அடிப்பது பெட்டிக்குப் போய், கணினிக்குள் போய், சுற்றிவிட்டுக் காதுக்கு வருவதற்குள் தாமதம். காதில் கேட்பது டிக் டிக்கோடு ஒட்ட வேண்டும் என்று கை தானாகவே முன்னால் அடித்திருக்கிறது. துளசி மறுபடி புத்தகத்தைப் புரட்டினாள். பெட்டியிலேயே ஒரு விசை இருந்தது; அதைத் திருப்பினால் மைக்கில் விழுவது கணினிக்குப் போகாமல் நேராக ஹெட்போனுக்கு வரும். திருப்பினார்கள். மென்பொருளில் வந்துகொண்டிருந்த அந்த இரண்டாவது குரலையும் அணைத்தார்கள். "ஹா" என்றான். ஒரே "ஹா".

"பாத்தியா! பெட்டி பண்ண வேல! நான் ஓடல, துளசி! நான் ஓடவே இல்ல!"

முக்காலியைச் சுற்றிக் குதித்தான். மகேந்திரனுக்கு உடனே போன் போடப் போனான். துளசி சிரிக்கவில்லை. "மொதல்ல வாசிங்க" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க வெளியே போனாள். அவள் முகம் ஏன் அப்படி ஆனது என்று கேட்டிருக்கலாம். கேட்க நேரம் ஏது?

மறுநாள் காலை பசியாறாமல்கூட உட்கார்ந்தான். கதவு ஜன்னல் அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, வேர்வை ஒழுக வாசித்தான். இந்த முறை அவனே பார்த்தான். மென்பொருளின் திரையில் டிக் டிக் விழும் இடங்களில் கோடு போட்டிருக்கும். அவன் அடித்த இடங்களில் முள் முள்ளாக நிற்கும். ஆற்றங்கரையில் முள்ளும் கோடும் ஒன்றின் மேல் ஒன்று. ரோட்டில் நடக்கும்போதும் அப்படியே. அவன் தொடையைத் தட்டிக்கொண்டான். திரையை இன்னும் தள்ளினான்.

கோயில் வாசல் வந்தது. முள் கோட்டைவிட்டு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. அடுத்தது கொஞ்சம் கூட. அதற்கடுத்தது இன்னும். போகப் போக முட்கள் எல்லாம் கோடுகளை விட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடின.

மறுபடி வாசித்தான். அதே இடம், அதே ஓட்டம். ஹெட்போனை மாற்றி மாட்டி வாசித்தான். லேப்டாப் பழசு என்று சொல்லிப் பார்த்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கூடத்தை நேற்றே நிமிர்த்தியாகிவிட்டது, இனிச் சொல்ல ஒரு கோணலும் பாக்கி இல்லை. கண்ணை மூடினால் அந்த வளைவு தெரிந்தது. கோபுரம் கண்ணில் படும்; சனம் ஆர்ப்பரிக்கும்; வந்துவிட்டோம், வந்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கை அதோடு போகும். படம் முடிவதற்கு முன் எழுந்து ஓடுகிற அதே கை. பின்னால் தலையில் குடத்தோடு ஒருத்தி வருகிறாள் என்பது அந்த இடத்தில் அவனுக்கு நினைவில் இருந்ததில்லை.

எழுந்தான். அடுப்படிக்குப் போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். துளசி காகித வாத்துகளுக்குக் கண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"துளசி. நான் ஓடியிருக்கேன்."

"தெரியும்" என்றாள் அவள்.

"எப்பலேந்து தெரியும்?"

"அன்னிக்கேதான். கொடத்த வச்சிருந்தது என் தலை. என் காலுக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லி? மகேந்திரன் அண்ணன் சட்டையப் புடிச்சது பத்தாதா?"

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. அதற்குள் துளசி பசையைக் கீழே வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள். அவன் அவளை இப்படிப் பார்த்ததில்லை.

"நீங்க ஓடுனதுக்கு நான் ஒரு நாளும் கோவப்படல. சாமி வாசல்ல யாருக்கும் கை வேகமாகும். காலு பெசகுச்சு, பாலு போச்சு, சரி. ஆனா ஒங்க அக்கா அத்தன பேரு முன்னால என் விரதத்த பேசுனாங்களே, அப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"பக்கத்துலதான்..."

"பக்கத்துலதான். ஒரே வீடு, ஒரே சட்டி. நான் என்னா சாப்பிட்டேன், எங்க படுத்தேன்னு இந்த ஒலகத்துல ஒருத்தருக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தரு உறுமிய கழுத்துல மாட்டிக்கிட்டு ரோட்டப் பாத்துக்கிட்டு நின்னாரு. எல்லாத்துக்கும் ஓடுறீங்க. அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நீங்க இன்னும் வந்து சேரல."

கனகராஜ் நின்ற இடத்தில் நின்றான். கை குற்றம் செய்ததா இல்லையா என்று இத்தனை நாளாகப் பெட்டியும் மைக்கும் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தான். வழக்கே கை மேல் இல்லை. டிக் டிக் என்ன சொல்லியிருந்தாலும், ஓடியிருந்தாலும் ஓடாவிட்டாலும், அன்று சொல்லியிருக்க வேண்டியதை அவன் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தச் சாட்சியும் தேவைப்பட்டிருக்காது. வெட்கத்தில் அவன் முகம் சுட்டது.

சாவியை எடுத்தான்.

"எங்க ஓடுறீங்க?"

"தைப்பிங்குக்கு. அக்காவப் பாக்க."

"மோட்டார்லயா? அங்க மழயாதான் இருக்கும். போன் இருக்குல்ல?"

சாவியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த வீட்டு நாற்காலிக்கு அவன் புதுசு. அக்காவுக்குப் போன் போட்டு, துளசிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"என்னா கனகு, காலையிலயே?" என்றது குமுதாவின் குரல். "பசியாறிட்டியா?"

"அக்கா, திருவிழாவுல துளசி கொடம் விழுந்துச்சே. அவ விரதத்துல ஒரு கொறையும் இல்ல. கூட இருந்தவன் நான் சொல்றேன். நான் வேகமா வாசிச்சேன், அதான் விழுந்தா. நீ சொன்னது தப்பு. நான் அப்பவே ஒன்னத் தடுத்திருக்கணும்."

அந்தப் பக்கம் சட்டியில் ஏதோ தாளிக்கும் சத்தம் வந்தது. அதற்கு நடுவே குமுதா சொன்னாள்: "ஏதோ வாயில வந்துருச்சுடா. எப்பவோ நடந்தது... அதச் சொல்லவா இப்ப போன் பண்ணுன?"

"ஆமாக்கா. லேட்டாயிருச்சு. இந்த வருஷமும் நீ வா. அதே வளைவுல, அத்தன பேரு முன்னால நான் சொல்லுவேன். நீயும் பக்கத்துல நிக்கணும்."

குமுதா அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "பாப்போம்" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "துளசிகிட்ட குடு" என்றாள். துளசி தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். இன்னொரு நாள் பேசுவாள் என்று கனகராஜ் சொன்னான். வழக்கமாக எதிராளி பேசி முடிக்குமுன் வைத்துவிடுகிறவன், அக்கா வைக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்துகளை அடுக்கி ஓரமாக வைத்தாள். எழுந்து, பெட்டியும் மைக்கும் இருந்த அறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே போனான். அவள் ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். வயர் நீளமாகத்தான் இருந்தது. வீட்டுச் செருப்பைக் கழற்றினாள்.

"டிக் டிக் எனக்கு. நான் நடக்கறேன். நீங்க ஒன்னும் கேக்க வேணாம், என் காலப் பாத்து வாசிங்க."

"மைக்குல ஒன் காலு சத்தம் விழுமே."

"விழட்டும்."

அவன் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பதிவு தொடங்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். அவள் அவனுக்கு முதுகு காட்டி நின்று, கைகளைத் தூக்கித் தலைக்கு மேல் இல்லாத குடத்தைப் பிடித்தாள். இடது கால் தாங்கித் தாங்கி, நின்ற இடத்திலேயே நடக்க ஆரம்பித்தாள். ஆற்றங்கரை. அவன் குதிகாலைப் பார்த்தே வாசித்தான். குதிகால் தரையில் படும்போது குச்சி தோலில் பட்டது. ரோடு வந்தது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியும் அவன் துடைக்கவில்லை. கோயில் வாசல் வந்தது. நெஞ்சு பழையபடி அடித்துக்கொள்ள ஆரம்பித்தது, இதோ வந்துவிட்டோம் என்று கை ஒரு மயிரிழை முந்தியது.

துளசி நின்றுவிட்டாள். கைகளை இறக்கவில்லை, திரும்பவும் இல்லை.

"மறுபடியும் ஆத்தங்கரையிலேந்து" என்றாள்.

கனகராஜ் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாட்டை முதலுக்குக் கொண்டுபோனான்.